எழுபத்தெட்டு

தக்வாரெம்போ போகும் பேருந்து
ஒரு மரமும் இல்லாத இடத்தில் என்னை இறக்கிவிட்டது.
வேலிக்கம்பத்தில் ஒரு பழைய டயர்,
அதில் வெள்ளைப் பெயிண்டால் பண்ணையின் பெயர்,
இரண்டு எழுத்தை மழை தின்றிருந்தது.

நிபியா வண்டியை நிறுத்தாமலே கதவைத் திறந்தாள்.
பின்சீட்டில் ஒரு நாய், மருந்துப் பெட்டி,
நாய் பாதி தின்ற ரொட்டி.
பார்க்க வந்தவரா, வேலைக்கு வந்தவரா?
பார்க்கத்தான் என்றேன்.
இன்றைக்கு ஆள் குறைவு என்றாள்.

காலை முழுக்கச் செம்மறிகளுக்குப் பூச்சிமருந்து.
ஏபெர் ஒவ்வொரு தாடையையும்
துருப்பிடித்த பூட்டைத் திறப்பவன்போல் விரல்விட்டுத் திறந்தான்.
மருந்து குடித்ததன் நெற்றியில்
நீலச் சாக்கட்டியால் கோடு போடுவது என் பாடு.
சிலவற்றுக்குக் காதில் விழுந்தது, சில கோடுகள் என் முழங்காலில்.
கம்பளிக் கொழுப்பு உள்ளங்கையில் ஏறி
எந்தச் சோப்புக்கும் இறங்க மறுத்தது.

மதியம் யூக்கலிப்டஸ் நிழலில்
சிலுவைக் கம்பியில் இறைச்சி வெந்தது. உப்பு மட்டும்.
சுரைக்குடுவையில் மாத்தே வந்தது,
எல்லார் வாய்க்கும் ஒரே உறிஞ்சுகுழல்.
நன்றி சொன்னால் இனி வேண்டாம் என்று பொருளாம்.
முதல் வாய்க்கே நன்றி சொல்லிவிட்டேன்.
குடுவை நாலு சுற்று என்னைத் தாண்டிப் போனது.

நாலு மணிக்கு மேல் மந்தையை வேறு புல்லுக்கு மாற்றினார்கள்.
மாற்றும்போது எண்ண வேண்டும்.
வாயிலை ஓராள் அகலத்துக்குத் திறந்து
அந்தப் பக்கம் நிபியா, இந்தப் பக்கம் நான்.

முதல் ஆடு எதையோ கண்டு துள்ளியது.
அங்கே ஒன்றுமில்லை, கம்பத்தின் நிழல்.
பின்னால் வந்த அத்தனையும் அதே இடத்தில்
அதே உயரத்துக்குத் துள்ளின,
மேகம் மூடி நிழல் போன பிறகும்.

ஒன்று, ரெண்டு, மூணு.
இருபதுவரை ஆடும் சொல்லும் ஒரே நீளம்.
அறுபதைத் தாண்டியதும் ஆடுகள் வேகமெடுத்தன,
என் எண்களோ வால் முளைத்து நீண்டன.
எழுபத்தெட்டு என்று வாய்க்குள் முடிப்பதற்குள்
எழுபத்தொன்பதின் பின்னங்கால் கடந்துபோனது,
எண்பது அந்தரத்தில் நின்றது.
நூறுக்கு மேல் பட்ட பாடு
சொல்லி மாளாது.

நிபியாவின் உதடு அசையவே இல்லை.
கண்ணால் மும்மூன்றாகக் கொத்தி எடுத்தாள்,
நூறுக்கு ஒரு விரல் மடக்கினாள்.
ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனாள்.

அவளுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு.
எனக்கு அறுநூற்று ஒன்பது.
வில்மார் வைத்திருந்த நோட்டில் அறுநூற்றுப் பதின்மூன்று.

யாரும் பேசவில்லை.
ஏபெர் மோவாயால் யூக்கலிப்டஸ் பக்கம் காட்டினான்.
வேலிக்கம்பியில் ஒரு தோல்,
உள்பக்கம் வெயிலைப் பார்க்க, ஈக்களோடு.
நிபியா பென்சிலை நாவில் நனைத்து எழுதினாள்:
சாப்பாடு, ஒன்று.
என் கடைவாய்ப் பல்லிடுக்கில் மதியத்திலிருந்தே
ஒரு நார் சிக்கியிருந்தது.

நான் தொலைத்த மூன்றைப் பற்றி அவள் கேட்கவில்லை.
வில்மார்தான் கேட்டான்:
எந்த எண்ணில் விட்டாய், உன் பாஷையில் சொல்லு.
எழுபத்தெட்டு.
இன்னொரு தரம் என்றான். சொன்னேன்.
தொப்பியைக் கழற்றி யோசித்தான்.
இதை வைத்து மாடு எண்ணலாம் என்றான்,
கிழட்டு மாடாக இருந்தால்.

இரவுப் பேருந்தில் விளக்கணைக்கும் முன்
நடத்துனன் இருக்கைகளுக்கிடையே வந்தான்.
உதடு அசையவில்லை,
கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களின்மேல் நகர்ந்தது.
என்னிடம் வந்ததும் நின்றான்.
லேசாக மோந்தான்,
முகத்தில் எதையோ பார்த்தான்,
அடுத்த வரிசைக்குப் போனான்.

ஜன்னல் கண்ணாடியில் தேடினேன்.
புருவத்துக்கு மேலே
ஒரு நீலக் கோடு.